வள்ளித்தாய் போடும் கல்

சங்கரன்கோவிலில் வள்ளித்தாயைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அவள் தெருவில் அவள் போடும் கல்லைப் பார்க்காதவர்கள் கிடையாது. வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அவள்தான். சாக்குத்துணியில் சுற்றி வைத்திருக்கும் கருங்கல்லை எடுத்து, இடதுபக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் திணித்து, காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை இறங்கச் சொல்வாள். மேடோ பள்ளமோ சமதரையோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். கல்யாண மண்டபத்து வாசலில் பட்டுச்சேலையோடு குனிந்து கல் போட்டிருக்கிறாள். ஒருமுறை பெட்ரோல் பங்கில் போடப் போய், பங்கில் நின்ற பையன் சிரித்த சிரிப்பில் பெட்ரோல் கீழே சிந்தியது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் அவள் இருந்தாள். அவளுக்குப் பயம். பயந்தவர்களுக்கு வெட்கப்பட நேரம் ஏது?

அந்தப் பயம் செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் பிடித்தது. அவள் கணவர் சங்கரசுப்பு அப்போது சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருந்தார். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிப் புனலூருக்குக் கொண்டுபோய் இறக்குவார். கூட வர ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று வள்ளித்தாயே கிளீனர் வேலையும் பார்த்தாள். பள்ளிக்கூட லீவு நாட்களில் மகள் தேன்மொழியும் கூட வருவாள். அன்றைக்கும் பிள்ளை இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்க, இவர்களும் நின்றார்கள். சங்கரசுப்பு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, என்னவென்று பார்க்க இறங்கினார்.

வண்டி மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. வள்ளித்தாய் அந்த ஹேண்ட்பிரேக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, எதையும் பிடிக்கவில்லை. உள்ளே கேபிள் தொய்ந்துபோயிருந்திருக்கிறது. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. குதித்து இறங்கி, ரோட்டோரம் கிடந்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். வண்டி நின்றது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவளுடைய வலதுகை மோதிரவிரலும் சுண்டுவிரலும் இருந்தன.

பிள்ளைக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. அந்த இரண்டு விரல்களும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அந்தக் கல்லை மட்டும் அவள் விடவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் அது கூட வரும்.

காலம் போனது. சங்கரசுப்புக்குச் சர்க்கரை வந்து பார்வை மங்க, லோடு வண்டியை விற்றார்கள். தேன்மொழி படித்துத் தென்காசியில் ஒரு பேங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வைகாசியில் சொந்தச் சம்பளத்தில் புதுக்கார் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். வள்ளித்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு உள்ளே எட்டிப் பார்த்தவள், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கம்பியைக் காணாமல் திடுக்கிட்டாள்.

"ஏட்டி, ஹேண்ட்பிரேக்கை எங்க?"

"இதாம்மா." தேன்மொழி ஒரு பட்டனைக் காட்டினாள். கட்டைவிரல் அகலம்கூட இல்லை. "மேல தூக்குனா பிடிச்சிக்கிடும். பிரேக்கை மிதிச்சிக்கிட்டு கீழ அமுக்குனா விட்டுரும். கம்பி கிம்பி ஒண்ணும் கிடையாது, எல்லாம் கரண்ட்ல."

"கரண்ட்டா? நம்ம ஊர்ல கரண்ட்டை நம்பி மாவுகூட அரைக்க முடியாது!"

சங்கரசுப்பு விழுந்து விழுந்து சிரித்தார். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. சாக்குத்துணியோடு கல்லைக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தாள். புதுக்காரில் சாக்கா என்று தேன்மொழி முகம் சுளித்தாள், ஆனால் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுத் தானே பின்கதவைச் சாத்தினாள்.

அவர்கள் வீட்டு வாசலும் லேசுப்பட்டதல்ல. தெருவுக்கு ரோடு போடப் போட, மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடுமென்று அந்தத் தெருவே வீடுகளை உயர்த்திக் கட்டிவிட்டது. காரை உள்ளே ஏற்ற சிமெண்டில் ஒரு சரிவு. மூக்கை மேலே தூக்கியபடி கார் அதில் ஏறும்போதெல்லாம் வள்ளித்தாய் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வாள். தேன்மொழி ஒருநாள் சரிவின் நடுவில் காரை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் காட்டினாள்.

"பாத்தியா? காலை எடுத்தாச்சு, நிக்கிதுல்லா? ஹில் ஹோல்டுன்னு பேரு. மேட்டுல வண்டியை அதுவே பிடிச்சிக்கிடும்."

சொன்ன வேகத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து மேலே ஏற்றியும் விட்டாள். வள்ளித்தாய் பார்த்தது நின்றதை மட்டும்தான்.

கார் வந்த இரண்டாவது வாரம் ஒரு கூத்து நடந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து, பாட்டுப் போட்டுக் கேட்டு, விளக்கையெல்லாம் எரியவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் பேட்டரியில் உயிரில்லை. காரோ சரிவின் நடுவில் நிற்கிறது. தள்ளலாமென்றால் பிரேக்கை விடுவிக்க முடியவில்லை. பட்டனை அமுக்கினால் அது செத்த எலிபோலக் கிடக்கிறது. தேன்மொழி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். பழைய லோடு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ரசூலுக்குச் சங்கரசுப்பு போன் போட்டார். அவர் கடையநல்லூர்க்காரர், இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

ரசூல் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக்கொண்டிருக்க, வள்ளித்தாய் அவரை விடவில்லை.

"ஏன் ரசூலு, பேட்டரி செத்தா பிரேக்கு என்ன ஆகும்? உருண்டுராதா?"

"உருளாதுக்கா. பிடிச்ச பிடி பிடிச்சதுதான். அதான் இதுல நல்லது. விடச் சொன்னாலும் விடாது. அதான் இதுல கெட்டது." ரசூல் சிரித்தார். "பழைய கம்பி இருக்கே, அதை நல்லா இழுத்தோமா அரைகுறையா இழுத்தோமான்னு நமக்கே தெரியாது. இது அப்பிடி இல்ல. சின்னப்பிள்ளை தூக்குனாலும் ஒரே பிடிதான். ஆனா கம்பி தொய்ஞ்சா நான் ஒரு ஸ்பேனரை வச்சு முறுக்கிருவேன். இது கெட்டுச்சுன்னா கம்பெனிக்குத்தான் தூக்கணும், செலவு கண்ணைக் கட்டிரும்."

"அந்த ஹில்லு?"

"அது பிரேக்கே இல்லக்கா. காலு பிரேக்குல இருந்து ஆக்சிலேட்டருக்குப் போற வரைக்கும் ரெண்டு மூணு செகண்டு தாங்கும். பொறவு விட்டுரும். அதை நம்பி வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கப்படாது."

வள்ளித்தாய் திரும்பினாள். மகள் காலை எடுத்துக் காட்டிய அந்தச் சரிவைப் பார்த்தாள்.

"ஓடுற வண்டியில இந்தப் பட்டனைத் தூக்குனா?"

"தூக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும். வண்டியை நிறுத்திப்போடும். பாதியில விட்டா அதுவும் விட்டுரும்."

"பக்கத்துல இருக்கவ தூக்கலாமா?"

"யாரு விரல்னு அதுக்கு என்னக்கா தெரியும்? யாரு வேணாலும் தூக்கலாம்."

ரசூல் போன பிறகு வள்ளித்தாய் காருக்குள் தன் இடத்தில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் அந்தப் பட்டனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பழைய கம்பியை அவளுடைய வலது கையால் இறுக்கிப் பிடிக்கவே முடியாது. இதற்கு ஒரு விரல் போதும். அந்த மட்டில் அவளுக்கு அதன்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் மகளிடம் ரசூல் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள்.

"தெரியும்மா, புக்குலயே போட்டுருக்கு," என்றாள் தேன்மொழி. அவளுக்குத் தெரியும்தான். தெரிந்ததெல்லாம் தேவையான நேரத்தில் காலுக்கு வந்து சேர வேண்டுமே!

கார் எடுத்தால் மலைக்கோயிலுக்குக் கொண்டுவந்து பூஜை போடுவதாகச் சங்கரசுப்பு முருகனுக்கு நேர்ந்திருந்தார். ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கிளம்பினார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வள்ளித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் ஆரியங்காவு தெரிந்தது, திறந்தால் பள்ளம் தெரிந்தது. எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் முருகா முருகா என்று முணுமுணுத்தபடி வந்தாள்.

மேலே கோயிலுக்கு முன்னால் வண்டிகள் நிறுத்துமிடமும் சரிவுதான். கார் கோபுரத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கி நின்றது. தேன்மொழி பட்டனைத் தூக்கினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. வள்ளித்தாய் வழக்கம்போல முதலில் இறங்கிக் கல்லைப் போட்டு மிதித்தாள். இன்றைக்காவது சும்மா இரேன் என்றார் சங்கரசுப்பு. அவள் காதில் வாங்கவில்லை.

பூஜை தொடங்கியது. தேன்மொழி ஓட்டும் இடத்தில், வள்ளித்தாய் பக்கத்தில். அர்ச்சகர் முன்கண்ணாடிக்குக் கீழே சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார். சங்கரசுப்பு நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். ஆயுசு முழுக்க எலுமிச்சை ஏற்றிய மனுஷன், நான்கு பழத்தையும் பொறுக்கியெடுத்துக் கொண்டுவந்திருந்தார். தீபாராதனை ஆனதும் கார் அந்தப் பழங்களின்மேல் ஏறிப் புறப்பட வேண்டும். ராகுகாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் அடுத்த வண்டிக்காரர் பூஜைத்தட்டோடு காத்து நின்றார். அந்த அவசரம் எல்லாருக்கும் தொற்றியது.

அப்போதுதான் அர்ச்சகர் கல்லைப் பார்த்தார். "என்னங்க, சக்கரத்துக்குக் கல் கிடக்குது. புறப்படுற வண்டிக்குத் தடங்கல் இருக்கக் கூடாது. எடுத்துடுங்க."

"இந்தா எடுத்துருதேன் சாமி," என்று சங்கரசுப்பு பின்னால் போனார்.

வள்ளித்தாய் ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏங்க, இப்ப எடுக்காதீங்க. அவ நகட்டுன பொறவு எடுக்கலாம்."

"சும்மா இரிட்டி. முருகன் முன்னாடியே நம்பாட்டா பொறவு யாரை நம்புவ?"

வள்ளித்தாய் தலையை உள்ளே இழுத்து, பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அவர் சக்கரத்துக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து கல்லை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் மிதித்து வைத்த கல், சீக்கிரம் வரவில்லை.

தேன்மொழி எஞ்சினை உயிர்ப்பித்து, கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, பட்டனைக் கீழே அமுக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பா இன்னும் பின்னால்தான் இருக்கிறார் என்பது அவள் நினைவில் இல்லை. அவள் கவனமெல்லாம் தட்டில் இருந்தது. எரியும் கற்பூரத்தோடு அர்ச்சகர் வலதுபக்க ஜன்னலுக்கு வந்தார். சாமியின் தீபத்தை ஒரு கையால் தொடுவார்களா? அவள் பெல்ட்டைக் கழற்றி, உடம்பையே திருப்பி, இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். திருப்பியபோது வலது கால் பிரேக்கிலிருந்து வந்துவிட்டது.

கார் அசையவில்லை. ஹில் ஹோல்டு பிடித்திருந்தது. தேன்மொழி தீபத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு முறை தொட்டாள். மூடிய கண்ணை உடனே திறக்கவில்லை. புதுக்காருக்காக அவள் என்ன வேண்டினாளோ, அது கொஞ்சம் நீளமான வேண்டுதல்.

முன்கண்ணாடியில் கோபுரம் நகர்ந்ததை வள்ளித்தாய்தான் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் போனது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. நகர்வது கோபுரமல்ல, கார்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கத்த வாயைத் திறந்தாள். அன்றைக்குப் போலவே சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்த தேன்மொழி, கார் நகர்வதைக் கண்டு பதறித் திரும்பினாள். பதற்றத்தில் கால் ஆக்சிலேட்டரில் விழுந்தது. கிளட்ச் மிதிபட்டிருந்ததால் எஞ்சின் அலறியதே தவிர கார் முன்னால் வரவில்லை. அலறிக்கொண்டே பின்னால் போனது.

வள்ளித்தாயின் ஆள்காட்டி விரல் பட்டனுக்கு அடியில் போனது. தூக்கினாள். தூக்கிப் பிடித்தாள். காருக்கு அடியில் ஏதோ முனகியது. ஒரு குலுக்கல். கார் நின்றது.

வெளியே யாரோ "ஐயோ" என்றார்கள்.

இடதுபக்கக் கண்ணாடியில் சங்கரசுப்புவைக் காணோம். இறங்கி ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் இறங்கினால் விரலை எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் அதுவும் விட்டுவிடும் என்று ரசூல் சொன்னாரே. கார் நின்றுவிட்டது, விளக்கு எரிகிறது, விட்டாலும் நிற்கும் என்றெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு யார் சொல்வது? அவர் சக்கரத்துக்கு அடியில் கிடந்தால், தான் விரலை எடுக்கும் நொடியில் அது அவர்மேல் ஏறிவிடும் என்றே நம்பினாள். எடுக்காவிட்டால் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க முடியாது. தாலி கட்டிய நாளிலிருந்து அவரைப் பார்க்க இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, பார்க்க இவ்வளவு பயந்ததும் இல்லை.

"ஏங்க," என்றாள். இப்போது சத்தம் வந்தது. "ஏங்க! நீங்க எங்க இருக்கீங்க?"

தேன்மொழி பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதித்துக்கொண்டு "எப்பா, எப்பா" என்று அழுதாள்.

பிறகு பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "வண்டியை நகட்டாதீங்க. வேட்டி மாட்டிக்கிட்டு."

ஓடி வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். டயர் அவருடைய வேட்டியின்மேல் ஏறி நின்றது. முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நுழையாது. பிடுங்கிய கல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். காரை முன்னால் எடுத்தால் வேட்டி வந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். "எவனாவது வண்டியைத் தொட்டீங்க, பாத்துக்கிடுங்க!" என்று உள்ளேயிருந்து வள்ளித்தாய் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். கடைசியில் சங்கரசுப்பு வேட்டியை அவிழ்த்துச் சக்கரத்துக்கே விட்டுவிட்டு, அண்டிராயரோடு எழுந்து, தோளிலிருந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார். முருகன் சந்நிதிக்கு நேரே அப்படி நின்ற அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் வந்தார். கல் இன்னும் கையில் இருந்தது. வள்ளித்தாய் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "அதைக் கொண்டுபோய் முதல்ல வச்சிட்டு வாங்க," என்றாள். அவர் போய் வைத்துவிட்டு வந்தார். விரலை எடுக்க நினைத்தாள். எடுக்க வரவில்லை. தேன்மொழிதான் அந்த விரலைப் பிடித்து மெல்ல விலக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அழுகை வந்தது. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பின்னால் காத்திருந்த வண்டிக்காரரைப் பற்றிக் கவலையில்லாமல் அழுதார்கள். "நான் அப்பாவைக் கொன்னுருப்பேம்மா," என்று தேன்மொழி திரும்பத் திரும்பச் சொன்னாள். "கொல்லலைல்லா மக்கா. கொல்லலைல்லா," என்று வள்ளித்தாயும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பழங்களை நசுக்காமல் மலையிறங்க முடியாது என்று சங்கரசுப்பு துண்டோடு நின்று பிடிவாதம் பிடித்தார். சரி என்று தேன்மொழி பெல்ட்டைப் போட்டாள். இந்தமுறை பட்டனை அமுக்கவில்லை. பெல்ட் போட்டிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்சை விடும்போது பிரேக் தானே விலகிக்கொள்ளும். அதுவும் புக்கில் போட்டிருந்ததுதான். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் முன்னால் ஏறியது. பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. வேட்டியும் கிடைத்தது, டயர் அச்சோடு.

திரும்பும் வழியில் கடையநல்லூர் வந்தது, போனது. புளியங்குடியில் காபி குடிக்கலாமா என்று தேன்மொழி கேட்டாள், வேண்டாம் என்றார்கள். இறங்கினால் கல் போட வேண்டும், அந்தத் தெம்பு அன்றைக்கு யாருக்கும் இல்லை.

சங்கரன்கோவிலில் வீட்டு வாசல் சரிவில் கார் மூக்கைத் தூக்கி ஏறி நின்றது. தேன்மொழி பட்டனைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வள்ளித்தாய் பழக்கத்தில் கதவைத் திறக்கப் போனாள். பின்சீட்டிலிருந்து சங்கரசுப்புவின் கை அவள் தோளைத் தொட்டது.

"நீ இரி," என்றார். "பட்டன் பக்கத்துலயே இரி. கல்லை நான் போடுதேன்."

இத்தனை வருஷமாக அந்தக் கல்லைக் கேலி செய்தவர், அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வள்ளித்தாய் கண்ணாடியில் பார்த்தாள். மங்கிய பார்வையோடு சக்கரத்தைத் தடவித் தடவி, அவர் காருக்குப் பின்னால் மண்டி போட்டார். தலை கண்ணாடியிலிருந்து மறைந்தது.

அவளுடைய ஆள்காட்டி விரல் பட்டனுக்கு அடியில் போனது. விளக்கு எரிகிறது என்று அவளுக்குத் தெரியும், பிடித்த பிடி பிடித்ததுதான் என்றும் தெரியும். அவர் தலை மறுபடி கண்ணாடியில் தெரியும்வரை அவள் பட்டனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.